நம்ம குடும்ப வரலாற்றை எங்கிருந்து தேட ஆரம்பிக்கிறது? சென்னையில இருக்கறவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தாத்தா பேர் எல்லாருக்கும் தெரியும். கொள்ளுத்தாத்தா பேர் கேட்டா யோசிப்போம். கொள்ளுப்பாட்டி பேர் என்ன, எந்த ஊர்ல பிறந்து எந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாங்கன்னு கேட்டா நிறைய வீட்ல பதிலே வராது. சரி நெட்ல தேடுவோம்னு உக்காந்தா அங்க இருக்கற வம்சாவளி சைட் எல்லாம் எடுத்த எடுப்புல சர்நேம் கேக்குது, நமக்கு ஏது சர்நேம், அப்பா பேர் ஒத்தை எழுத்தா முன்னாடி நிக்குது, அடுத்த தலைமுறையில அந்த எழுத்தும் மாறிடுது. அதனால பேரைப் பிடிச்சு மேல ஏறுற வழி நமக்கு ரொம்ப தூரம் வராது. நம்ம பக்கம் நூல் பிடிக்க வேண்டியது ஊர், நிலம், அப்புறம் சீர் செஞ்ச முறை. இதெல்லாம் எந்தத் தாள்ல யார் ஞாபகத்துல இருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டா நாலஞ்சு தலைமுறை வரைக்கும் போறது நடக்கற காரியம்தான். சென்னையில இருந்துக்கிட்டே எப்படி ஆரம்பிக்கறதுன்னு வரிசையா சொல்றேன்.

முதல் வேலை: வீட்டுப் பெரியவங்க

ஆபீஸ், லைப்ரரி எல்லாம் அப்புறம். இப்போ உயிரோட இருக்கறவங்கள்ல மூத்தவங்க யாருன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, அதுல பொம்பளைங்களை மேல போடுங்க. ஆம்பளைங்க சொத்து, உத்தியோகம், கேஸ் பத்தி நல்லா சொல்லுவாங்க, ஆனா யாருக்கு யார் என்ன முறை, எந்தக் குழந்தை பிறந்து தவறிடுச்சு, யார் இளையதாரமா வந்தது, யாரை ஸ்வீகாரம் குடுத்தாங்க, இதெல்லாம் அத்தை, பெரியம்மா, ஆச்சி மனசுலதான் இருக்கும். உடம்பு முடியாம இருக்கறவங்க வீட்டுக்கு முதல்ல போங்க, அடுத்த லீவுக்குப் போலாம்னு தள்ளிப் போடாதீங்க.

"நம்ம குடும்பத்தைப் பத்தி சொல்லுங்க பாட்டி"ன்னு பொதுவா கேட்டா "என்னத்தச் சொல்றது, எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க"ன்னு முடிச்சிடுவாங்க. சடங்கைப் பிடிச்சுக் கேளுங்க. நம்ம சடங்கு ஒவ்வொண்ணுலயும் இன்ன உறவுக்காரங்கதான் இதைச் செய்யணும்னு இருக்கு, அதனால செஞ்சது யாருன்னு தெரிஞ்சா உறவு தானா வெளிய வந்துடும். தாலி கட்டுறப்ப முடிச்சு போட்ட நாத்தனார் யாரு, தாய்மாமன் சீர் எந்த ஊர்ல இருந்து வந்துச்சு, யார் மடியில உக்கார வெச்சு காது குத்துனாங்க, தாத்தாவுக்குக் கொள்ளி வெச்சது யாரு, இப்படி.

"அத்தை, உங்க கல்யாணத்துல முடிச்சு போட்டது யாரு?"

"எங்க பெரிய நாத்தனாருதான், திருவள்ளூர்ல குடுத்திருந்தது. அவங்களுக்கும் முன்னாடி ஒருத்தங்க இருந்தாங்கடா, முதல் பிரசவத்துலயே போயிட்டாங்க."

பாருங்க, எந்தச் சர்டிபிகேட்லயும் இல்லாத ஒரு அத்தை இந்த ஒரு கேள்வியில வந்துட்டாங்க. குடும்ப மரத்துல அவங்களுக்கும் இடம் போடணும், பேர் தெரியலன்னா "மூத்த மகள், பேர் தெரியல"ன்னாவது எழுதணும்.

இங்க ஒரு விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க. சித்தப்பான்னு சொன்னா கூடப்பிறந்த சித்தப்பாவா, ஒண்ணுவிட்ட சித்தப்பாவா, இல்ல பங்காளி வகையில சித்தப்பா முறையான்னு அந்த இடத்துலயே கேட்டுடுங்க. தாத்தா பேரை பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால ஒரே பேர் ஒண்ணுவிட்டு ஒண்ணு தலைமுறையில திரும்பத் திரும்ப வரும், அண்ணன் தம்பி ரெண்டு பேருமே அப்பா பேரை அவங்கவங்க மகனுக்கு வெச்சிருப்பாங்க, ஒரே காலத்துல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருப்பாங்க. பட்டப்பேரோ வீட்ல கூப்பிட்ட பேரோ கூடச் சேத்து எழுதினாதான் பிரிக்க முடியும்.

வருஷம் கேட்டா பெரியவங்களுக்கு நம்பர் வராது, சம்பவம் வரும். எம்டன்ங்கற ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் மேல குண்டு போட்டப்ப எங்க அம்மா கைக்குழந்தைன்னா அது 1914 செப்டம்பர். ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்டணத்தைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போனோம்னா 1942. தனுஷ்கோடி புயல்னா 1964 டிசம்பர், எம்ஜிஆரைச் சுட்ட வருஷம்னா 1967, அண்ணா இறந்தப்பன்னா 1969 பிப்ரவரி. இந்த மாதிரி ஒரு சம்பவப் பட்டியலை கையில வெச்சுக்கிட்டு "அதுக்கு முன்னாடியா பின்னாடியா"ன்னு கேட்டுக்கிட்டே வந்தா ஒரு வருஷம் ரெண்டு வருஷ வித்தியாசத்துக்குள்ள பிடிச்சிடலாம்.

கேட்டுட்டு அவங்க சம்மதத்தோட போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. ஃபேனை ஆஃப் பண்ணி டிவியை நிறுத்திடுங்க, மாடியில வேண்டாம், காத்துச் சத்தத்துல பேச்சு கேக்காது. ஆல்பத்தைப் பக்கத்துல வெச்சு ஒவ்வொரு போட்டோவா காட்டி "இடது பக்கத்துல இருந்து சொல்லுங்க"ன்னு கேளுங்க, பேசிட்டே போவாங்க. ஒரே மூச்சுல மூணு மணி நேரம் உக்கார வைக்காதீங்க, களைச்சிடுவாங்க. ஒரு நாள் பேசிட்டு வந்தா ராத்திரி அவங்களுக்கே நிறைய ஞாபகம் வரும், மறுநாள் போன் பண்ணுங்க.

பீரோ, பரண், பாத்திரம்

அடுத்தது வீட்டுக்குள்ள இருக்கற தாள். ரேஷன் கார்டு, பழைய எஸ்எஸ்எல்சி புக், டிசி, பென்ஷன் புக், இதெல்லாம் எல்லாரும் யோசிப்பாங்க. யாரும் கண்டுக்காதது மொய் நோட்டு. கல்யாணம், காதுகுத்து, சடங்குக்கு எழுதின மொய் நோட்டு பழைய ட்ரங்க் பெட்டியில கிடந்தா அதை விட ஒசத்தியான ஆவணம் குடும்ப வரலாற்றுக்குக் கிடையாது, ஏன்னா அதுல ஆள் பேர் மட்டும் இருக்காது, ஊர் பேரை முன்னாடி போட்டுதான் எழுதுவாங்க, தாய்மாமன் மொய், சம்பந்தி மொய்னு முறையும் பல நோட்டுல இருக்கும். ரெண்டு கல்யாண நோட்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, ரெண்டுலயும் பெரிய தொகை எழுதின ஊர் எதுன்னு பாருங்க, அங்கதான் உங்களுக்குப் பெண் குடுத்து பெண் எடுத்த வீடு இருக்கும். இப்போ யாருன்னே தெரியாத ஒரு ஊர் அதுல திரும்பத் திரும்ப வந்தா அந்த ஊர்க்காரங்களைத் தேடிப் போக வேண்டியதுதான்.

கல்யாணப் பத்திரிகையில பேரன், பேத்தின்னு தாத்தா பேர் போட்டிருப்பாங்க, கீழ "தங்கள் நல்வரவை விரும்பும்" லிஸ்ட்ல கூட்டுக் குடும்பமே இருக்கும். கருமாதிப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்ல மகன்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்தி வரைக்கும் வரிசையா வந்துடும்.

பாத்திரத்தை மறந்துடாதீங்க. சீர் குடுத்த பித்தளைக் குடம், வெண்கலப் பானை, எவர்சில்வர் அண்டாவோட விளிம்புல இனிஷியலோட பேரும் தேதியும் வெட்டியிருக்கும். கறுத்துப் போயிருந்தா புளி போட்டுத் தேய்ச்சு, வெளிச்சத்தைப் பக்கவாட்டுல காட்டி போட்டோ எடுங்க, எழுத்து நல்லாத் தெரியும். குடுத்த பாட்டி பேரே எழுத்துல கிடைக்கிற ஒரே இடம் பல வீட்ல இந்தக் குடத்தோட கழுத்துதான்.

ஜாதக நோட்டுல தமிழ் வருஷம் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேர் திரும்ப வரும், தாது வருஷம்னா 1876ம் இருக்கு 1936ம் இருக்கு 1996ம் இருக்கு, ஆளோட வயசை வெச்சுதான் எதுன்னு முடிவு பண்ணணும். வருஷம் சித்திரையில மாறுறதால தை மாசக் குழந்தைக்கு இங்கிலீஷ் வருஷம் ஒண்ணு கூடிடும். நில ரெக்கார்டுல வர்ற பசலிங்கற வருவாய்த்துறை வருஷத்துக்கு 590 கூட்டிக்கோங்க, பசலி 1310ன்னா 1900 ஜூலையில ஆரம்பிச்சு 1901 ஜூன்ல முடியற வருஷம். நெல்லை, குமரிப் பக்கத்து ஆவணம்னா கொல்லம் ஆண்டு இருக்கும், அதுக்கு 824 இல்ல 825 கூட்டணும்.

அமாவாசைத் தர்ப்பணம் செய்யற வீடுன்னா அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பேரும் அவங்க மனைவிமார் பேரும் சொல்லித்தான் ஆகணும், அம்மா வழியிலயும் மூணு தலைமுறை சொல்லுவாங்க. அந்தப் பேர் எழுதின துண்டுச் சீட்டு பஞ்சாங்கத்துக்குள்ள இருக்கான்னு பாருங்க.

எந்த ஊர்னு உறுதி பண்றது

பூர்வீகம் "வட ஆற்காடு ஜில்லா"ன்னு இருந்தா இன்னிக்கு அது வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ல எதுவா வேணா இருக்கலாம், 1911க்கு முந்தின தாள்னா சித்தூர் பக்கம் கூட இருக்கலாம். செங்கல்பட்டு ஜில்லான்னா இன்னிக்கு இருக்கற செங்கல்பட்டோட காஞ்சிபுரம், திருவள்ளூரையும் பாக்கணும். தாலுகா பேர் கிடைச்சா வேலை பாதியாயிடும், அதனால ஊர் பேர் கேக்கறப்பவே "பக்கத்துல எந்த பெரிய ஊரு, எந்த ரயில்வே ஸ்டேஷன்ல இறங்குவீங்க"ன்னு சேத்துக் கேளுங்க.

சென்னைக்குள்ள தெருப் பேர்தான் தொல்லை. எட்வர்ட் எலியட்ஸ் ரோடுன்னா ராதாகிருஷ்ணன் சாலை, லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை, மோப்ரேஸ் ரோடு டிடிகே சாலை. கதவு நம்பரும் மாறியிருக்கும், பழைய நம்பர் புது நம்பர் ரெண்டையும் எழுதி வைங்க.

பத்திரம்: இதுல நேரம் போட்டா போட்ட அளவுக்குக் கிடைக்கும்

எனக்குக் கேட்டா இதுதான் நம்ம ஊர் குடும்ப வரலாற்றோட முதுகெலும்பு. சொந்தக்காரங்க யார் வீட்லயாவது தாய்ப்பத்திரம், அதாவது சொத்தோட பழைய மூலப்பத்திரம் இருக்கும். பழைய பத்திரம் ஆரம்பிக்கிற விதத்தைப் பாருங்க: இன்ன வருஷம் இன்ன மாசம் இன்ன தேதி, சென்னைப்பட்டணம் இன்ன தெருவுல இன்ன நெம்பர் வீட்டிலிருக்கும், காலஞ்சென்ற இன்னார் குமாரர், இன்ன தொழில் செய்யும், இன்ன வயதுள்ள இன்னார்... ஒரே வாக்கியத்துல ரெண்டு தலைமுறை, விலாசம், தொழில், வயசு எல்லாம் வந்துடுது. கூடவே அப்பா காலமான விஷயமும் தெரிஞ்சுடுது, அந்தத் தேதிக்கு முன்னாடி இறந்திருக்கார்னு குறிச்சுக்கலாம்.

பத்திரத்துல ஒசத்தி பாகப்பிரிவினைப் பத்திரம். பங்காளிங்க அத்தனை பேரும் அதுல இருப்பாங்க, மைனர் குழந்தைங்க கார்டியன் பேரோட இருப்பாங்க. பங்கை விட்டுக்குடுத்து எழுதற விடுதலைப் பத்திரத்துல கல்யாணம் ஆகிப் போன மகள்கள் புருஷன் பேரோட, புகுந்த ஊரோட வருவாங்க, பொண்ணுங்களைத் தேட இதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. நாலு எல்லை எழுதற இடத்தையும் விடாதீங்க, "இன்னார் நிலத்துக்கு வடக்கு"ன்னு வர்ற அந்த இன்னார் பல தடவை சித்தப்பாவோ பெரியப்பாவோதான், ஒரே சொத்து பாகம் ஆகி பக்கத்துல பக்கத்துல இருந்திருக்கும்.

கையில பத்திரம் இல்லன்னா பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் சைட்ல ஊர், சர்வே நம்பர் குடுத்து வில்லங்கச் சான்று (ஈசி) பாருங்க, 1975ல இருந்து ஆன்லைன்ல கிடைக்கும். அதுக்கு முந்தினதுக்கு அந்தந்த சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டு கையால தேடச் சொல்லணும். ஈசியில வர்ற டாக்குமென்ட் நம்பரை வெச்சு நகல் வாங்கி, அதுல குறிப்பிட்டிருக்கற முந்தின பத்திரத்தோட நம்பரை எடுத்து, அப்படியே பின்னாடி பின்னாடி போகணும். கிராமத்து நிலம்னா வருவாய்த்துறையோட 'அ' பதிவேடு (ஊர் நிலமெல்லாம் சர்வே நம்பர்படி எழுதின பதிவேடு), யுடிஆர்ங்கற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தின பட்டா, அதுக்கும் மேல செட்டில்மென்ட் ரிஜிஸ்டர் வரைக்கும் போகலாம்.

ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். பத்திரம் கேட்டுப் போனா பங்கு கேக்க வந்திருக்கான்னு சொந்தக்காரங்க நினைப்பாங்க, அது நியாயமான பயம். பேர் மட்டும்தான் வேணும், ஒரிஜினலைத் தொட மாட்டேன், உங்க முன்னாடியே போன்ல போட்டோ எடுத்துக்கறேன்னு முதல்லயே சொல்லிடுங்க, குடும்பத்துல எல்லாரும் மதிக்கிற ஒரு பெரியவரைக் கூடக் கூட்டிட்டுப் போங்க.

கோர்ட் பேப்பரும் இதே வகைதான். மெட்ராஸ் சிட்டி சொத்துக்கு உயில் எழுதியிருந்தா ஹைகோர்ட்ல ப்ரொபேட், அதாவது உயில் செல்லும்ங்கற உத்தரவு வாங்கணும்னு ரொம்ப காலம் சட்டம் இருந்துச்சு, அந்த மனுவுல வாரிசு எல்லார் விவரமும் இருக்கும். பாகப்பிரிவினை கேஸ் ஹைகோர்ட் வரைக்கும் போயிருந்தா தீர்ப்புலயே வம்சாவளி எழுதியிருப்பாங்க, இண்டியன் கானூன் சைட்ல ஊர் பேரும் தாத்தா பேரும் போட்டுத் தேடிப் பாருங்க.

பிறப்பு, இறப்பு, ஓட்டு லிஸ்ட்

சென்னை மாநகராட்சி சைட்ல பிறப்பு, இறப்பு சான்றிதழ் இலவசமா எடுத்துக்கலாம். பழைய பதிவுல குழந்தை பேர் இல்லாம ஆண் குழந்தை, பெண் குழந்தைன்னு மட்டும் இருக்கறது சகஜம், அதனால அப்பா பேரை வெச்சுத் தேடுங்க. தாத்தா சென்னையில வளந்தார்ங்கறதுக்காக இங்கயே பிறந்திருப்பார்னு நினைச்சுடாதீங்க. தலைப்பிரசவம் அம்மா வீட்லதான் நடக்கும், பதிவும் அந்த ஊர்லதான் இருக்கும். இங்க கிடைக்கலன்னா பாட்டியோட பிறந்த ஊர்ல கேளுங்க, கிடைச்சா பாட்டியோட குடும்பத்துக்கும் சேத்து ஒரு வாசல் திறக்குது.

2025 கடைசியில எஸ்ஐஆர்ங்கற வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தப்ப 2002, 2005 வாக்காளர் பட்டியல்ல நம்ம பேரையும் அப்பா அம்மா பேரையும் தேடினோம்ல, அதே லிஸ்ட்தான். ஒரே கதவு நம்பர்ல யார் யார் இருந்தாங்க, என்ன வயசு, அப்பா பேரா புருஷன் பேரான்னு எல்லாம் இருக்கு. இப்போ உயிரோட இல்லாத பெரியவங்க வயசை அதுல இருந்து எடுக்கலாம், ஆனா ஓட்டு லிஸ்ட் வயசு அஞ்சு வருஷம் முன்னப் பின்ன இருக்கும், அப்படியே நம்பிடாதீங்க. சென்சஸ்ல தேடலாம்னு சிலர் கேப்பாங்க, நம்ம நாட்டுல தனிநபர் சென்சஸ் தாளை வெளிய குடுக்கறதில்ல, அதுல நேரம் போக்க வேண்டாம்.

நிலம் இல்லாத குடும்பம்னா

நிலத்தைப் பிடிச்சுப் போங்கன்னு சொன்னேன், ஆனா நிலமே வெச்சுக்க விடாத குடும்பங்கள் எத்தனையோ நம்ம ஊர்ல உண்டு. பத்திரம் இல்லாததால வரலாறு இல்லாம போயிடாது, தாள் வேற இடத்துல இருக்கும். 1892க்கு அப்புறம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வெள்ளைக்கார சர்க்கார் குடுத்த பஞ்சமி நிலம் எதாவது குடும்பத்துக்கு வந்துச்சான்னு வருவாய் ரெக்கார்டுல பாருங்க. வேலை பாத்த இடம் முக்கியம்: பின்னி மில், ஹார்பர், பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப், ராணுவத்துல மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு, கோலார் தங்க வயல். சர்வீஸ் ரிஜிஸ்டர், பிஎஃப் சீட்டு, யூனியன் கார்டு, வேலையில சேந்தப்ப எடுத்த போட்டோ, எதுவா இருந்தாலும் அதுல அப்பா பேரும் சொந்த ஊரும் இருக்கும். மாநகராட்சிப் பள்ளிக்கூட அட்மிஷன் ரிஜிஸ்டர் தலைமை ஆசிரியர்கிட்ட இருக்கும், மரியாதையா எழுதிக் குடுத்துக் கேட்டுப் பாருங்க.

கடல் தாண்டிப் போனவங்க இருந்தா ஆச்சரியமான அளவுக்கு விவரம் கிடைக்கும். 1860ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து டர்பன் போனதுல ஆரம்பிச்சு தென்னாப்பிரிக்காவுல இருக்கற நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிங்க லிஸ்ட் இருக்கு, அதுல பேர், அப்பா பேர், வயசு, ஜாதி, ஊர், உடம்புல இருக்கற தழும்பு வரைக்கும் எழுதியிருக்காங்க. மொரிஷியஸ் போனவங்க ரெக்கார்டு அங்க மோக்காவுல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல இருக்கு, பலருக்கு போட்டோவோட. மலேயா, சிங்கப்பூர் போனவங்க வீட்ல ரஜூலா கப்பல் பேர் அடிபடும், பழைய பாஸ்போர்ட்டைத் தேடுங்க. பர்மா, சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பம்னா அகதி அட்டை, குடும்ப அட்டையில பிறந்த இடம் உட்பட எல்லாம் இருக்கும்.

கோயில், சர்ச், ஜமாஅத்

குலதெய்வம் எதுன்னு தெரிஞ்சா பங்காளிங்க எல்லாரையும் ஒரே இடத்துல பிடிச்சிடலாம், பூசாரிகிட்டயும் வரி வசூல் நோட்டு வெச்சிருக்கறவர்கிட்டயும் பேசுங்க, தலைக்கட்டு வரி நோட்டுல குடும்பம் குடும்பமா பேர் இருக்கும். நகரத்தார்னா எந்தக் கோயில்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது, இசைகுடிமானம்ங்கற கல்யாண ஒப்பந்தம் பத்திரமா இருக்கான்னு பாருங்க. கிறிஸ்தவக் குடும்பம்னா ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம்னு சர்ச்ல தனித்தனி ரிஜிஸ்டர் இருக்கும், கீழ்ப்பாக்கம், குயிபிள் ஐலண்ட் கல்லறையில கல்லு மேலயே குடும்பம் எழுதியிருக்கும். முஸ்லிம் குடும்பம்னா ஜமாஅத்தோட நிக்காஹ் தப்தர்ல (கல்யாணப் பதிவேடு) மாப்பிள்ளை, பொண்ணு, வலின்னு சொல்ற பொண்ணோட பொறுப்பாளர், சாட்சி எல்லார் பேரும் கிடைக்கும். ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துக்கு லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரி ரெக்கார்டு இருக்கு, ஃபிபிஸ் சைட்ல இலவசமாத் தேடலாம்.

எக்மோருக்குப் போறது

இவ்வளவும் கையில வந்ததுக்கு அப்புறம் எக்மோர் ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போங்க. 1909ல கட்டின செவப்புக் கட்டடம். மானியமா குடுத்த நிலத்தோட இனாம் ரிஜிஸ்டர், பழைய செட்டில்மென்ட் ரெக்கார்டு எல்லாம் அங்கதான். சும்மா போய் எங்க தாத்தா பேர் இருக்கான்னு கேட்டா யாராலயும் எடுத்துக் குடுக்க முடியாது, எந்த ஜில்லா, தாலுகா, கிராமம், எந்த வருஷம், என்ன ரெக்கார்டுன்னு எழுதி அனுமதி வாங்கணும். அங்கிருந்து நடக்கற தூரத்துல கன்னிமாரா லைப்ரரி, பழைய அஸைலம் பிரஸ் அல்மனாக் மாதிரி மெட்ராஸ் டைரக்டரி எதாவது இருக்கான்னு கேளுங்க, உத்தியோகத்துல இருந்த தாத்தான்னா விலாசத்தோட இருக்க வாய்ப்பு உண்டு. சர்க்கார் வேலைன்னா ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட்டும் பாருங்க. சமூக மலர், பழைய பத்திரிகை, துண்டுப் பிரசுரம்னா தரமணியில ரோஜா முத்தையா நூலகம்.

எழுதி வைக்கிற முறை

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்துல யார் சொன்னது, எந்தத் தேதியில, எந்தத் தாள்ல இருந்துன்னு எழுதுங்க. ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா ரெண்டையும் வைங்க, சண்டை போட்டு ஒண்ணை அழிக்க வேண்டாம். மாமன் மகள், அக்கா மகள் கட்டின வீட்ல ஒரே ஆள் மரத்துல ரெண்டு இடத்துல வருவார், அவரையே ரெண்டு ஆளா போடாம ரெண்டு கோடு இழுத்து ஒரே ஆளோட சேருங்க, கிராம்ப்ஸ் மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல இது நல்லா வரும். உயிரோட இருக்கறவங்க பிறந்த தேதி, ஆதார், பத்திர நகல் எதையும் வாட்ஸப் குரூப்ல போடாதீங்க. இளையதாரம், ஸ்வீகாரம், ஜாதி மாறின கல்யாணம் இதெல்லாம் உண்மையா எழுதுங்க, ஆனா சம்பந்தப்பட்டவங்க பிள்ளைங்ககிட்ட கேட்டுட்டுதான் வெளிய காட்டணும். 2015 வெள்ளத்துல தரைத்தளத்து வீடுகள்ல ஆல்பமும் பத்திரமும் எத்தனை போச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், ஸ்கேன் பண்ணினதை வேற வேற ஊர்ல இருக்கற சொந்தக்காரங்ககிட்ட ஒவ்வொரு காப்பி குடுத்து வைங்க.

ஓரளவு மரம் வந்ததும் ஃப்ளெக்ஸ் கடையில பெருசா பிரிண்ட் போட்டு மாசி சிவராத்திரிக்கோ கொடைக்கோ குலதெய்வம் கோயிலுக்கு எடுத்துட்டுப் போங்க. பெயர்களுக்கு நடுவுல நிறைய வெத்து இடம் விட்டு பிரிண்ட் போடுங்க, ரெண்டு மார்க்கரை நூல்ல கட்டித் தொங்க விடுங்க, "தப்பு இருந்தா திருத்துங்க, விட்டுப்போன பேரை எழுதுங்க"ன்னு மேல எழுதிடுங்க. பொங்கல் வெச்சு முடிக்கிறதுக்குள்ள கூட்டம் கூடிடும், யார் எதை எழுதினாங்கன்னு பக்கத்துல நின்னு குறிச்சுக்கோங்க, அவங்க போன் நம்பரையும் வாங்கிக்கோங்க.